என்ன

முதல் பேட் இரண்டும் மீன்பெட்டி.
கல்லடித் துறையில் உடைந்து கிடந்த ரிஜிபோமை
வெட்டியெடுத்து
ஆட்டோ டியூபால் வரிந்து கட்டினோம்.
இடது காலில் சூரையும்
வலது காலில் கும்பிளாவும் மணத்தன.
முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு
தூரத்திலிருந்தே அடித்தார்கள்.
அதனால்தான் எனக்குத் தூரத்துப் பந்து
நன்றாகப் பிடிபடும்.

மைதானம் என்றால்
பாதி கிறவல், பாதி மணல்,
கோலுக்கு முன்னால் ஒரு வம்மி மரத்து வேர்.
பந்து நேரேதான் புறப்படும்.
வரும்போது வேறொன்றாக வரும்.
முழங்காலுக்கென்று குனிந்தால் நெஞ்சுக்கு,
நெஞ்சுக்கென்று நிமிர்ந்தால் பல்லுக்கு.
என் முன்பல் ஒன்று இப்போதும் அங்கேதான்
கிறவலோடு கிறவலாய்.

பதினெட்டு வயதில் தேர்வுக் கடிதம்.
இரவு ரயில்.
புனாணையில் இறக்கி
மட்டையைத் தட்டிப் பார்த்தார்கள்,
உள்ளே ஏதும் இருக்கிறதா என்று.
பையிலிருந்த ஹெல்மட்டை ஒரு சிப்பாய்
தன் தலையில் போட்டுப் பார்த்து
சிரித்துத் திருப்பித் தந்தான்.
உள்ளே ஈரமாய் இருந்தது, அவன் வியர்வை.
முதல் பயிற்சிக்கு
அதைத்தான் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கொழும்பில் பச்சைக் கம்பளம்,
தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள்.
பந்து புறப்பட்ட இடத்திலிருந்து
சொன்ன சொல் மாறாமல் வந்தது.
நான் துள்ளலுக்குக் காத்து நின்றேன்.
துள்ளவில்லை.
ஒன்பது கோல்.
நேராக வரும் ஒன்றை நம்ப
எனக்கு நாலு வருடம் பிடித்தது.

சிங்களம் அப்போது மூன்று சொல்.
வமட்ட, இடப்பக்கம்.
தகுணட்ட, வலப்பக்கம்.
மூன்றாவதுதான் கழுத்தறுத்தது.
மாத்தளைக்காரி சந்தமாலி
எனக்கு முன்னால் நிற்கும் பின்காவலாள்,
“என்ன! என்ன!” என்று கத்துவாள்.
வா, வெளியே வந்து அடி என்று அர்த்தம்.
நான் கோட்டிலேயே நின்றபடி
“ஒண்டுமில்லகா” என்பேன்.
பந்து உள்ளே போய்விடும்.

பிறகு அவள் எனக்கு
அரிசி அளக்கிற மாதிரிச் சொல் அளந்தாள்.
நான் அவளுக்கு ‘ஐயோ’ தவிர மற்றதெல்லாம் கொடுத்தேன்.
ஐயோ
இரண்டு பேரிடமும் முன்பே இருந்தது.

பதினொரு வருடம், ஆறு நாடு.
நாற்பத்து மூன்று போட்டிக்குப் பட்டியலில் பெயர்,
நாற்பத்திரண்டில் வாங்கில்.
தண்ணீர்ப் போத்தல் நிரப்பினேன்.
மூத்தவளுக்கு வார் இறுக்கினேன்.
இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டினேன்.
எந்த நாட்டுத் தோடம்பழத்தில்
எத்தனை கொட்டை என்று கேளுங்கள், சொல்வேன்.

நாற்பத்து மூன்றாவது பாங்கொக்கில்.
மூத்தவள் கணுக்கால் மடிந்து விழுந்தாள்.
மிச்சம் பதினேழு நிமிடம்.
கசகஸ்தான்காரி ஒருத்தி ஓங்கி அடித்தாள்.
கம்பளத்தின் பொருத்து
எங்கோ கிளம்பியிருக்க வேண்டும்,
பந்து துள்ளியது.

அந்தப் பந்தை எனக்குத் தெரியும்.
அது வம்மி வேரில் பட்டு வருகிற பந்து.
கை தானாகப் போயிற்று.
நெஞ்சுக்கு வந்ததை நிறுத்தினேன்.
காலடியில் விழுந்ததை
இன்னொருத்தி தட்டி உள்ளே போட்டாள்.

ஸ்கோர்த் தாளில் கோல் இருக்கிறது, நிமிடத்தோடு.
தடுத்ததற்கு அதில் கட்டம் இல்லை.

இப்போது மின்சார சபை.
சான்றிதழுக்குக் கிடைத்த உத்தியோகம்.
ஆரையம்பதிப் பக்கம் வீடு வீடாக மீற்றர் பார்க்கிறேன்.
நாய் பாய்ந்தால்
யோசிக்கும் முன்னே கால் குறுக்கே போய்விடுகிறது.
“அக்கா, நீங்க இலங்கைக்கு வெளையாடினீங்களாமே?”
ஒரு பெடியன் கேட்டான்.
“ஓம். பதினேழு நிமிசம்.”
பில்லைப் பார்த்த பிறகு
அவன் வேறொன்றும் கேட்கவில்லை.

இரவில் கத்துகிறேனாம்,
வமட்ட, வமட்ட என்று.
ஞானதீபன் முதலில் பயந்தார்.
பிறகு பேசாமல் பாயில்
இடப்பக்கம் நகர்ந்து படுக்கப் பழகிவிட்டார்.
போன கிழமை தூக்கத்தில் புரண்டு
“என்ன?” என்று கேட்டிருக்கிறார்,
பாவம், தமிழில்தான்.

விழித்துப் பார்க்கிறேன்,
அறை நடுவே நிற்கிறேன்,
முழங்கால் மடித்து, கை விரித்து,
கோட்டை விட்டு
நாலடி முன்னால்.