பால் வராத கள்ளி

பணகுடி துணை மின்நிலையத்தின்
மேற்கு வேலியோரம்
எட்டு விலா எலும்போடு நிற்கிறது.
கிளை என்று சொல்ல ஒன்றுமில்லை,
போன கோடையில் முளைத்த
ஒரு முழங்கையைத் தவிர.

முப்பிடாதி பெருக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்றே
நகத்தால் கீறிப் பார்த்தாள்.
பால் வரவில்லை.
"நம்மூர்க் கள்ளி இல்ல சார் இது."
ஒன்றும் ஒட்டாத விரலை
முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு முன்னிருந்த ஆபரேட்டர் ஞானதிரவியம்
வள்ளியூர் நர்சரியில் வாங்கியது.
ஒன்றரை அடித் துண்டு, நாற்பது ரூபாய்.
பஸ்ஸில் மடியில் வைத்து வந்ததில்
நாலு நாள் பேன்ட்டிலிருந்து முள் எடுத்தாராம்.
மாறுதலாகிப் போகும்போது
சாவிக்கொத்து, லாக் புக், ஓடாத கடிகாரம்
எல்லாம் எழுதி ஒப்படைத்தார்.
இதை மட்டும் எழுதவில்லை.

நர்சரிக்காரர் பாம்பே செடி என்றிருக்கிறார்.
புதிதாக வந்த ஏ.இ. போனில் தேடி
தென்னமெரிக்கா என்றார்.
வறண்ட புதர்க்காடு,
பெரு, பராகுவே,
அப்புறம் வாயில் நிற்காத ஒரு பெயர்.
வெளியே உடைமரங்களுக்கு மேல்
காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
இதற்கு ஊர் மாறியது தெரிந்திருக்குமா
என்று எனக்கு அப்போது சந்தேகம் வந்தது.

ஆனியில், கணவாய்க் காற்று
தகரக் கூரையைப் பிடித்து ஆட்டும் நாட்களில்
பூக்கும்.
இரவு ஒன்பதரைக்குத் திறக்கும்,
சோற்றுத்தட்டு அகலம், வெள்ளை.
பீடர் ட்ரிப் ஆகிற ராத்திரிகளில்
டார்ச் இல்லாமலே வேலிவரை நடந்திருக்கிறேன்.
விடிந்தால் நனைந்த துணிபோலத் தொங்கும்.
முப்பிடாதி வாரிக் குப்பையில் போடுவாள்.

ஏழு வருஷம்.
காய் என்று ஒன்று இல்லை.

தன் மகரந்தம் தனக்கு ஆகாது என்றார் ஏ.இ.
தன்னை வெட்டி நட்டதன் மகரந்தமும் ஆகாது.
வள்ளியூரில் வாசலுக்கு வாசல் நிற்பதெல்லாம்
ஒரே தாய்த்தண்டின் துண்டுகள்.
நூறு வீட்டில் ஒரே உடம்பு
நூறு ராத்திரி விழித்திருக்கிறது.

இந்த ஆவணியில்தான்
முழங்கைக்குக் கீழே
சிவப்பாய் ஒன்று.

அப்படியென்றால் வேறொன்று இருக்கிறது.
வேறு தாய், வேறு துண்டு,
ஒரு வௌவால் பறக்கிற தூரத்தில்.
அது மூஞ்சியெல்லாம் மாவோடு
எந்தத் தோட்டத்திலிருந்து
நம் வேலியைத் தாண்டியதோ.

கட்டிங் பிளேயரால் பழத்தை அறுத்தேன்.
உள்ளே வெள்ளை, கடுகு கடுகாய் விதை.
முப்பிடாதி ஒரு வாய் தின்று யோசித்தாள்.
"சப்புன்னு இருக்கு.
ஆனா தண்ணி இருக்கு சார்."

அன்றைக்கு நைட் ட்யூட்டி.
லோடு கேட்கிற நேரத்தில்
ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கூப்பிட்டு
லோடையும் கேட்டேன், இதையும் கேட்டேன்.
ராதாபுரம் சிரித்தது.
காவல்கிணறு, தூக்கம் வரலையா என்றது.
திசையன்விளையில் யாரும் எடுக்கவில்லை.
பழவூரில் ஒரு புதுக் குரல்,
பெண்குரல்,
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.
ஒயரில் காற்று இரைந்தது.

"கக்கூசுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்கி.
யாரு வச்சான்னு தெரியாது.
ஏன் கேக்கிய?"

உடனே பதில் வரவில்லை எனக்கு.
கடைவாய்ப் பல்லில்
ஒரு விதை மாட்டியிருந்தது.