இரண்டு எம்எம்

நேற்று சாயங்காலம் மிஷினை நிறுத்தும்போது
வெட்டு பதினோரு எம்எம் அகலம்.
இன்று காலையில் ஒன்பது.
வைரமணி கோத்த கம்பி உள்ளே,
கல்லின் பல்லிடுக்கில்.
இழுத்தால் வரவில்லை.

"ராத்திரி எவன்டா கை வச்சது?"
மேஸ்திரி கங்கிரெட்டி தெலுங்கில் தொடங்கித்
தமிழில் முடித்தார்.
குப்பம் பக்கத்தில்
கோபத்துக்கு ஒரு மொழி போதாது.

ஆப்பு அடித்திருந்தால் வெட்டு அகலும்,
எப்படிச் சுருங்கும், என்றாள் ரெட்டெம்மா
ட்ரில் முனையைத் துடைத்தபடி.
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மைன்ஸ் ஆபீஸ்காரர் வந்து சொன்னது பாதி.
மீதியை, வெட்டின் இருபுறமும் ஆணி அடித்து
மூன்று நாள் டேப் பிடித்து
நானே தெரிந்துகொண்டேன்.

இது கல்லாக இறுகியபோது
தலைமேல் பதினைந்து கிலோமீட்டர் மலை.
இருநூற்றைம்பது கோடி வருஷம் முன்னால்.
பாலாறு பிறக்காத காலத்து ஆறுகள்
அந்த மலையை அள்ளிக்கொண்டு போய்விட்டன,
எந்தக் கடலில் கொட்டினவோ.
சுமை போனது
கல்லுக்கு முழுசாகத் தெரியாது.
நாலு பக்கமும் சொந்தக் கல்லே நெருக்கியிருக்க
மூச்சைப் பிடித்தபடி கிடந்தது.

ஜோலார்பேட்டை பாசஞ்சரில்
ஒருத்தர் இறங்கினால்
மூன்று பேர் முழங்கை விரிப்பார்கள் இல்லையா,
நாங்கள் கிழித்த பதினோரு எம்எம் சந்தில்
அது இரண்டு எம்எம் நீட்டிக்கொண்டது.

சில நாள் வெயில் இறங்கியதும்
ஆளில்லாத பெஞ்சில் 'டப்' என்று கேட்கும்.
தோசை ஓரம் கல்லைவிட்டு எழும்புவதுபோல்
மேலடுக்கு கொஞ்சம் தூக்கிக்கொள்ளும்.
வாட்ச்மேன் நாராயணப்பா
முதல் வாரம் டார்ச் அடித்துத் தேடினார்.
இப்போது பீடி அணைவதில்லை.

ராயல்டி கனமீட்டர் கணக்கு.
வெட்டி எடுத்த பிறகு வளர்ந்ததற்குப்
பர்மிட்டில் கட்டம் கிடையாது.
செக்போஸ்ட்டில் டேப் வைத்தவனும்
தூக்கக் கலக்கத்தில் சீல் குத்தினான்.

கம்பி ஆறு மீட்டர் போச்சு.
உன் சம்பளத்தில் பிடிக்கமாட்டேன் என்றார் மேஸ்திரி.
கொஞ்சம் யோசித்து,
பாதி பிடிப்பேன் என்றார்.

லாரி போன பிறகு
ரெட்டெம்மா ட்ரில்லைச் சாய்த்து வைத்தாள்.
விரல்கள் பத்தும்
பிடியின் வளைவிலேயே நின்றன.
டீ கிளாஸை இரண்டு மணிக்கட்டாலும் தாங்கி
அவை திறக்கும்வரை
காத்திருந்தாள்.