சிவப்பு: இரண்டு

முதல் லேயரில் வெள்ளை.
அதன் மேல் இன்னொரு வெள்ளை, நூலளவு மங்கல்.
முயல் அதற்குள் இருக்கிறது.
இன்னும் வரையவில்லை.

ஓசூர், பாகலூர் சாலை, இரண்டாவது மாடி.
கீழே வெல்டிங் கடை.
முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் பற்றவைக்கும்போதெல்லாம்
என் திரையில் ஒரு நீலம் வந்து போகிறது,
எந்த லேயரிலும் சேராமல்.

காதிலிருந்து தொடங்கினேன்.
இடது காதின் உட்புறம் பச்சை குத்திய எண், 4417.
பழைய அலைபேசி எண் மறந்துவிட்டது,
இது பார்க்காமலே எழுத வருகிறது.

மூன்று வருடம் அந்தக் கட்டிடத்தில் வேலை.
கழுத்து மட்டும் வெளியே நீளும் பெட்டி.
கீழிமையை இழுத்து
மில்லியில் பத்தில் ஒரு பங்கு.
இமையை ஒரு நொடி சேர்த்துப் பிடித்து விடவேண்டும்.
மறு கண்ணைத் தொடக்கூடாது, அது ஒப்பிடுவதற்கு.
ஒரு மணி, இருபத்து நாலு, நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு.
டார்ச் அடித்து, சிவப்புக்கு மதிப்பெண்,
சுழியம் முதல் மூன்று வரை.

நான் நன்றாகப் போடுவேன்.
"உன்னுது கலர் பாக்குற கண்ணும்மா" என்றார்
சூப்பர்வைசர் எபநேசர்.
அந்தத் தீபாவளிக்கு முந்நூறு ரூபாய் அதிகம்.
சுடிதார் எடுத்தேன். அதன் நிறம் நினைவில்லை.

இப்போது அதே சிவப்பைத் தேடுகிறேன்.
வண்ணச் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப
குங்குமம் வருகிறது, செங்கல் வருகிறது,
மாங்கூழ் ஏற்றிப் போகும் லாரியின் பின்விளக்கு வருகிறது.
இரண்டு வரவில்லை.
இரண்டு என்றால்
ரத்தக்குழாய்கள் தனித்தனியாகத் தெரியாத அடர்சிவப்பு.
தாளில் அப்படித்தான் இருக்கும்.

எட்டிப் பார்த்த தஸ்லீமா
"கண்ணீர் ஒரு சொட்டு வையேன், மனசத் தொடும்" என்றாள்.
வைத்தேன். அழித்தேன்.
முயலுக்குக் கண்ணீர் குறைவு,
மருந்து கரைந்து வழியாது, வசதி,
என்பார்கள் அங்கே.

போன வைகாசியில்
தளி பக்கம் ரோஜாக் குடிலில் மருந்தடிக்கப் போன தம்பி
முகத்தைப் பொத்திக்கொண்டு வந்தான்.
கண்ணாடி எங்கேடா மாதேஷ்?
"வேர்த்து மங்குதுக்கா, கழட்டிட்டேன்."
டப்பாவைத் திருப்பினேன். நீல முக்கோணம்.
கீழே எறும்பெழுத்தில்
கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் தண்ணீரில் கழுவவும்.

குழாயடியில் அவன் தலையை அழுத்திப் பிடித்தேன்.
கீழிமையை இழுத்தேன்.
விரலுக்கு அந்தப் பிடி தெரிந்திருந்தது.
தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.
பதினைந்து என்பதை
யார் கண்ணில் கண்டுபிடித்திருப்பார்கள் என்று
அப்போது நினைக்கவில்லை என்றால் பொய்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒன்று, என்றது வாய்.
"என்னக்கா ஒண்ணு?"
ஒண்ணுமில்லடா.

டாக்டருக்கு அனுப்ப எடுத்த படம் போனில் இருக்கிறது.
அதைத் திரையின் ஓரத்தில் திறந்தேன்.
நிறம் எடுக்கும் கருவிக்குச் சொட்டுக்குழல் படம்தான் போட்டிருக்கிறார்கள்.
தம்பியின் கண்ணில் வைத்து அழுத்தினேன்.
முயலின் கண்ணில் விட்டேன்.
ஒரு படி அடர்த்தியாக்கினேன்.
வந்துவிட்டது.

பெங்களூர்க் கண்காட்சிக்காரர்கள்
படத்தின் கீழ் நறுக்கென்று ஒரு வாசகம் கேட்கிறார்கள்.
நிறுத்து, என்பது போல.
நிறுத்தத்தான் வேண்டும்.
தண்ணீரையா என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.
எழுதுகிற இடம் காலியாகக் கிடக்கிறது.

கடைசி லேயரில் என் கை, நீலக் கையுறை.
மறைக்கவும் காட்டவும் பக்கத்தில் ஒரு சின்னக் கண்.
தொட்டேன். கை போய்விட்டது,
முயல் தானாகவே சிவந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.
பார்க்க அதுதான் அழகு.
மறுபடி தொட்டேன்.

கீழே வெல்டிங் பொறி பறந்தது.
கையுறை ஒரு கணம் இன்னும் நீலமானது.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
விரல்நகங்களை இன்னும் போடவில்லை.