மண்டூர்ப் பாதை

குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருக்கிறோம்,
நானும் ஒரு நாயும்.
எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெருவல்ல,
வாவியில் மிதக்கும் இரும்புத் தட்டு.
ஒரு உழவு இயந்திரம், பத்துச் சைக்கிள்,
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்,
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு
எழுவானிலிருந்து படுவானுக்குப் போகும்.

"நாய்க்கும் டிக்கட்டோ?" என்றேன்.
"கடிச்சா உங்களுக்கு ரெண்டு டிக்கட்,"
என்றான் பாதைக்காரப் பொடியன்.

கட்டார் போனவர்கள் கட்டிவிட்டுப் போன நாய்.
வீட்டுக்குப் பூட்டு, சங்கிலிக்குப் பூட்டு,
இரண்டின் திறப்பும் ஒரே வளையத்தில்
டோஹாவில் இருந்தன.
பக்கத்து வளவுக்காரி மதிலுக்கு மேலால்
மீன்தலை எறிந்ததில் உயிர் இருந்தது.
குட்டியில் போட்ட பட்டி வளரவில்லை,
கழுத்து வளர்ந்தது.
பேரின்பம் இரும்பு வாளோடு வந்து
முக்கால் மணித்தியாலம் அறுத்தான்.
அவ்வளவு நேரமும் அது
என் முழங்கையை நக்கிக்கொண்டு நின்றது.
அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வேப்பெண்ணெய், கற்பூரம்,
புழு எடுக்க ஒரு சாவணம். ஆறு கிழமை.
மறுகா எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்:
கடை மெசினில் அதன் முகத்தை
நாற்பது கொப்பி அடித்து,
கண்ணீர் அஞ்சலிக்கும் கணித வகுப்புக்கும் நடுவில்
கிடைத்த இடத்தில் ஒட்டினேன்.
ஒருவர் அழைப்பெடுத்துக் கேட்டார்:
"இது ஆர்ர முப்பத்தொண்டு, பிள்ளை?"

முதலில் கொண்டுபோனவர் கல்லாற்று மில்காரர்.
ஒன்பதாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்,
குளிப்பாட்டி, பவுடரும் போட்டு.
"குறையா நினைக்காத மனே.
கள்ளன் நெல்லு மூட்டையத் தூக்கிறான்,
இது வால ஆட்டிக்கொண்டு
அவன்ட டோர்ச்சுக்குப் பின்னால போகுது."
நான் நாயைப் பார்த்தேன்.
அவர் சொல்வது நியாயம் என்பதுபோல் இருந்தது அதன் முகம்.

அடுத்த கொப்பியில்
உண்மையைப் பெரிய எழுத்தில் போட்டேன்:
குரைக்காது.

அன்று பின்னேரமே மண்டூரிலிருந்து தவமலர்.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை, பகலில் நித்திரை,
சுற்றிவர எல்லா வளவிலும் குரைக்கிற நாய்கள்.
"மெய்யாவே குரைக்காதா?"
மூன்று தரம் கேட்டாள்,
கோயிலில் வரம் கேட்கிற குரலில்.

பாதை கரை தட்டுகிறது.
அவள் சீருடையோடு நிற்கிறாள், கண் சிவந்து.
நாயைத் தொடவில்லை. மண்ணில் குந்தி,
கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத வளையத்தைப்
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"நல்லா ஆத்தியிருக்கீங்க," என்றாள்.
இத்தனை வருடத்தில்
யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.
"கட்டமாட்டீங்கதானே?"
"கட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்டுமில்ல."

திரும்பும் பாதையில்
வெறும் கயிறு என் மடியில் சுருண்டு கிடந்தது.
வாவிக் காற்றில் உப்புக் கூட
என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு படம் வந்தது.
ஜன்னலுக்குச் சேலை கட்டி இருட்டாக்கின அறை,
கட்டிலின் காலடியில் அது.
காது, கண், அந்த வளையம், எல்லாம் தெளிவு.
வால் மட்டும் புகைபோலக் கலங்கியிருந்தது.
எடுக்கும்போது அசைந்திருக்க வேணும்.

கடைக்குப் பின்னால் இன்னும் நான்கு.
கடதாசிப் பெட்டிக்குள் இருக்கிற கறுப்புக் குட்டி
காற்றுக்கும் குரைக்குது, காகத்துக்கும் குரைக்குது,
மெசினில் தாள் விழுந்தாலும் குரைக்குது.
மில்காரரின் நம்பரைத் தேடுகிறேன்.