ஏழாம் இடம்

இருபத்திரண்டு ஆட்டம். இரண்டாம் டிவிஷன்.
ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் மைதானம்.
கிழக்குக் கோலில் நின்றால்
எதிரே சந்திரசூடேஸ்வரர் மலை,
மேற்கில் நின்றால் டயர் குடோன்.
டாஸுக்குப் போகும் ஷிஹாபிடம்
மலையைக் கேட்டு வாங்கு என்பேன்.
பெரும்பாலும் குடோன்தான் விழும்.

இரண்டரை ஷிப்ட் விட்டதும் வருவார்கள்
கழுத்தில் அடையாள அட்டையோடு நாற்பது பேர்.
மூன்றரைக்குக் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்.
நாங்கள் போட்ட கோல்கள் எல்லாம்
பஸ் போன பிறகு.

மார்கழியில் ஒரு நாள் நடுக்கோட்டுக்கு அப்பால்
பனி மட்டும் விளையாடியது.
விசில் கேட்டுக் கைதட்டினேன்.
ஆஃப்சைடாம்.

ஸ்பான்சர், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ்க் கம்பெனி.
ஜனவரிச் சம்பளம் டின்னில் வந்தது,
ஆளுக்குப் பதினாறு.
லால்பியா ஐஸ்வாலுக்கு பார்சல் போடப் போய்
கூலியைக் கேட்டுத் திரும்பி வந்தான்.
அன்று இரவு அறையில் எல்லாருக்கும்
சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள அதுதான்.

பத்தொன்பதாவது ஆட்டம், எண்பத்தெட்டாவது நிமிடம்,
இரு பக்கமும் சுழி.
நஞ்சுண்டா தளிக்காரன், வீட்டில் கன்னடம்.
ஆடும்போது இன்ன சொல்தான் என்று
சீசனுக்கு முன்பே பேசி வைத்திருந்தோம்.
பதற்றத்தில் வாய் வீட்டுக்கு ஓடிவிடுகிறது.
உயரப் பந்து. "பிடு" என்றான்,
விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.
எனக்குக் கேட்டது "பிடி".
பிடிக்கப் போனேன்.

அவன் மேல் நான், என் மேல் அவன்.
ஒரு உயிரெழுத்து இடைவெளியில்
பந்து நடந்தே போய்க்
கோட்டைத் தாண்டி நின்றது.
வலையைக்கூடத் தொடவில்லை.

அவனுக்குப் புருவத்தில் நான்கு தையல்.
ஆஸ்பத்திரி பெஞ்சில், பஞ்சை அழுத்திக்கொண்டு,
"நான் விடத்தானே சொன்னேன்" என்றான்.
"பிடிக்கத்தானே சொன்னே" என்றேன்.
நர்ஸ் இருவரையும் வெளியே சத்தம் போடச் சொன்னாள்.

பன்னிரண்டில் ஏழாவதாக முடித்தோம்.
ஏறவில்லை, இறங்கவுமில்லை.
பாகலூர் ரோடு டீக்கடையில்
ஷிஹாப் போனில் கணக்குப் போட்டான்:
அந்த கோல் விழாமல் இருந்திருந்தால்?
ஒரு புள்ளி கூடும்.
அப்போதும் ஏழுதான்.
இரண்டு பேர் சிரித்தார்கள். நான் டீக்குக் காசு கொடுத்தேன்.

கட்டிலுக்கு அடியில் இன்னும் ஐந்து டின்.

நேற்று நஞ்சுண்டா கூப்பிட்டான்.
பெங்களூரில் ஒரு டீம் கேட்கிறதாம்,
காசு கொஞ்சம் அதிகம், ஆனால் பெஞ்ச்.
என்ன செய்யட்டும் என்றான்.
ஒரே சொல்லில் சொன்னேன்.
நெடுஞ்சாலை ஓரம் நின்றிருந்தேன்,
கிரானைட் லாரிகள் வரிசையாகப் போயின.
சரி என்று வைத்துவிட்டான்.
எது காதில் விழுந்ததோ.