தொண்ணூற்றொன்பது

சொல் பெரிது, மெட்டு சின்னது.
மூன்று நாளாய் உள்ளே தள்ளிப் பார்க்கிறேன்,
போச்சம்பள்ளி பஸ்ஸில் மூட்டையைத் தள்ளுவதுபோல.
ஒரு மூலை வெளியே துருத்திக்கொண்டே இருக்கிறது.

மாங்கூழ் ஆலையில்
டின் மூடிக்குத் தேதி குத்துவது என் வேலை.
சீசன் முடிந்து கை சும்மாயிருந்த ஆடியில்
ஃபாதர் கேட்டார்:
"ஆவணிக் கடைசியில் காணாமற்போன ஆட்டின் வாசகம் வருது, தெக்லா.
பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுப் போடு."

பாட்டுப் போடுவது தேதி போடுவது இல்லை.

முதலில் என் குரலுக்கு எழுதிவிட்டேன்.
தாழ்ந்த சுரம் வந்ததும் பிள்ளைகள்
முகவாயைக் கழுத்தில் புதைத்து
கிணற்றுப் படி இறங்கினார்கள்.
அடியில் தண்ணீர் இல்லை, வெறும் காற்று.
இரண்டு கட்டை ஏற்றினேன்.
இப்போது எனக்கு எட்டவில்லை.
என் பாட்டை நானே பாட முடியாது,
அதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது.

"இறைஞ்சுகின்றோம்" என்பதை அடித்தேன்.
"கிருபாசனம்" தானாகவே விழுந்துவிட்டது.
மிஞ்சியது அந்த எண்.

வீட்டில் தெலுங்கு பேசும் ஜெசிந்தா
ஒரு சாயங்காலம்
ஜன்னல் கம்பியில் தொங்கியபடி பாடினாள்:
தொண்ணூத்தொம்பது.
முட்டை எண்ணும் வாய்.
கச்சிதமாய் உட்கார்ந்தது சொல்,
ஒரு மூலையும் வெளியே இல்லை.
ஃபாதர் தாளில் சிவப்பு வட்டம் போட்டார்.
"எழுதுவது உங்களுக்கு சாமி,
பாடுவது அவங்களுக்கு" என்றேன்.
வட்டம் அப்படியே இருக்கிறது,
சொல்லும் அப்படியே இருக்கிறது.

தார்சிஸ் மட்டும் வாய் திறக்கவில்லை.
"ஏன்டா?"
"அந்த ஒண்ணு கிடைச்சிருமா டீச்சர்?"
"மூணாவது சரணத்தில் கிடைக்கும்."
"எங்களது கிடைக்காது."

போன ஞாயிறு, போச்சம்பள்ளிச் சந்தை.
ஆறாயிரத்து இருநூறு.
அக்காவுக்குக் காலேஜில் கட்டியாகிவிட்டது.
கயிற்றோடு கொடுத்தால்தான் எடுப்பேன் என்றானாம் வாங்கியவன்.
இவன் மணியை மட்டும் அவிழ்த்துக்கொண்டான்.

தொலைந்த ஆட்டுக்கு வசனம் உண்டு.
விற்ற ஆட்டுக்கு எங்கே தேடுவது?
கீபோர்டில் செத்துப்போன அந்த ஒரு கட்டையை
அன்றிரவு பலமுறை அழுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் சரணத்தின் முடிவில்
இரண்டு தட்டு காலியாய் விட்டேன்.
தாளில் அது சின்னக் கோடு.
பிள்ளைகளுக்கோ வாய்க்கால்:
சிலர் தாண்டினார்கள், சிலர் விழுந்து சிரித்தார்கள்.
"உனக்கு வேணும்னா அங்கே மணி அடி" என்றேன் தார்சிஸிடம்.
ஒத்திகையில் முந்தி அடித்தான்,
பிந்தி அடித்தான்,
ஒருமுறை பரலோக மந்திரத்தின் நடுவில் அடித்தான்.

எங்கள் கிளைப்பங்கில் ஞாயிறு பூசை மூன்று மணிக்கு.
காலையில் வைத்தால் சந்தைக்குப் போனவர்கள் வரமாட்டார்கள்.
தகரக் கூரை அனலாய்க் கொதிக்க
இருபத்தேழு பிள்ளைகள் நின்றார்கள்,
பவுடர் வியர்வையில் கோடு கோடாக.
முதல் சரணம் ஓடியது, கொஞ்சம் அதிகமாகவே ஓடியது.
ஜெசிந்தாவின் எண் கூரையில் பட்டுத் திரும்பியது.
பிறகு அந்தக் காலி இடம்.

எல்லாக் கண்ணும் தார்சிஸ் மேல்.
அவன் கை டவுசர் பைக்குள்.
ஒரு தட்டு.
மின்விசிறி.
இரண்டாவது தட்டு.
யாரும் விழவில்லை, யாரும் சிரிக்கவில்லை.
மணியும் அடிக்கவில்லை.
மூன்றாம் சரணத்தை நான் கையசைக்கும் முன்
அவர்களே எடுத்துவிட்டார்கள்,
அவனும்.

பூசை முடிந்து சுண்டல் வாங்கும் நெரிசலில்
ரோட்டில் ஒரு டெம்போ போனது,
சந்தையில் விலை படியாத ஆடுகளோடு.
சுண்டலை விட்டுவிட்டு ஓடினான்.
வேலியோரம் நின்று, கையை உயர்த்தி,
அடித்தான், அடித்தான்,
தாளமே இல்லாமல்.

ஒன்று திரும்பிப் பார்த்தது.

மணிச் சத்தத்துக்கு எந்த ஆடும் திரும்பும்.
அதை நான் அவனிடம் சொல்லவில்லை.