இதர

பாம்பன் சுகாதார நிலையத்துச் சுவரில்
நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று
நீலத்தில் எழுதியிருந்தார்கள்.
உப்புக்காற்று முதலில் தின்றது
இரண்டு இடத்திலும் 'அற்ற'வைத்தான்.
மிச்சம் நின்றது நோய், வாழ்வு, குறைவு, செல்வம்.
திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நான் பதிவேட்டுக்காரன்.
டோக்கன், பெயர், வயது, ஊர்,
ஐந்தாவது கட்டம் நோய்.
கணினி கீழ்நோக்கி ஒரு பட்டியல் விரிக்கும்.
அதில் இருப்பதுதான் நோய்.
இல்லாதது இதர.

வருகிற யாரும் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை.
மேலுக்கு முடியல என்பார்கள்.
மேலுக்கு என்றால் உடம்புக்கு.
உள்ளுக்கு என்று ஒன்று இருப்பதை
அவர்களும் சொல்வதில்லை
நானும் கேட்பதில்லை.

ஆசியத்தும்மா 'சொகமில்ல வாப்பா' என்பார்
முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு.
சீக்கு என்பதைக் கோழிக்கும் படகு என்ஜினுக்கும்
ஆகாத சம்பந்தி வீட்டுப் பெண்ணுக்கும்
ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.
அம்மை கண்டால் குரல் தாழும்: முத்துப் போட்டிருக்கு.
புத்தி பிசகினால் நோயே கிடையாது, ஊர்ப்பெயர்தான்:
ஏர்வாடியில இருக்கான்.

பாசிக்குப் போகிற பெண்கள்
விரல் பத்திலும் துணி சுற்றி வருவார்கள்.
பார் கிழித்த பாதம்.
இடுப்பில் குத்தல், தோளில் குடைச்சல்,
கண்ணில் கரிப்பு, அந்தி சாய்ந்தால் ஓய்ச்சல்.
நான் 'உடல் வலி' என்று ஒரே சொடுக்கில் முடித்தேன்.
திரையை எட்டிப் பார்த்தாள் பஞ்சவர்ணம்.
"குத்துறதும் கொடையுறதும் ஒண்ணா தம்பி?
சாளைக்கும் சூடைக்கும் ஒரே பேரா வப்ப?
நோகாம நொங்கு திங்கிற வேல ஒனக்கு."

அன்று மதியம்
சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன்.
நோகாம.
நோய்க்கு அடியில் கிடக்கிறது
நோ என்று ஒற்றை எழுத்து.
கை நோகும், மனசு நோகும்,
ஒரு சொல் பிசகினால் எதிராளி நோவான்.
பழம்பாட்டில் இதுமாதிரிக் கரையில் நின்று
ஒருத்தி நோய் என்றால்
போனவன் இன்னும் வரவில்லை என்று பொருள்.
வந்துவிட்டால் தீர்ந்துவிடும் என்றுதான்
நானும் படித்திருந்தேன்.

நம்புத்தாய் கார்த்திகையில் வந்தாள்,
மழை சொட்டச் சொட்ட.
டோக்கன் தன் பேரில், நோவு புருஷனுக்கு.
ஐந்து மாதம் யாழ்ப்பாணத்துச் சிறை.
விமானத்தில் கொண்டுவந்து வேனில் ஏற்றி
மண்டபத்தில் மாலை போட்டு விட்டார்களாம்.
படகு அங்கேயே நிற்கிறது.

காய்ச்சலா?
"இல்ல."
சாப்பிடுகிறாரா?
"வச்சா சாப்பிடுறாரு."
தூக்கம்?
ஈரத் தலைப்பைப் பிழிந்தாள்.
"கடலுக்கு முதுகக் காட்டித்தான் படுக்கிறாரு சார்.
நம்ம ஊரு தீவுல்ல.
எந்தப் பக்கம் பொரண்டாலும் மொகத்துக்கு நேரா கடலு.
ராப்பூரா பொரண்டுக்கிட்டே கெடக்காரு."

பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓட்டினேன்.
பிணி என்று அடித்துப் பார்த்தேன்.
கட்டுவதற்கும் அதுதான் சொல்,
கயிறு படகைப் பிணிக்கும்.
பொருத்தமான பதிவு இல்லை என்றது.
பின்னால் வரிசையில் ஒரு குழந்தை இருமியது.
இதர என்று போட்டேன்.
டாக்டர் பத்துச் சத்து மாத்திரை எழுதினார்.
அவள் இரண்டு முறை எண்ணி
தாலிக்கயிற்றுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு போனாள்.

மாதக் கடைசியில் ராமநாதபுரத்திலிருந்து போன்.
"ஒங்க சென்டர்ல இதர மட்டும் நூத்திப் பன்னெண்டு.
என்னய்யா நோய் அது?"
மேலுக்கு முடியல சார், என்றேன்.
"யாருக்கு? ஒனக்கா?"

பாலத்தில் ரயில் ஏறிக்கொண்டிருந்தது.
சத்தம் ஓயட்டும் என்று
காதில் வைத்தபடி நின்றேன்.